தொலைதூர மாணவர்

மரக்காணம் பிரவுசிங் சென்டரில் சிவஞானத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கிளாஸ் ஆரம்பிச்சிருக்கும். இன்னும் கனெக்ட் ஆவலையா ஜெயசீலா?"

"ஆவுதுங்க. உப்பளத்த வுட்டுட்டு இந்த வயசுல எம்.ஏ. எதுக்குங்க?" என்றான் கடைக்காரன்.

ஹெட்போனில் பேராசிரியையின் குரல் வந்தது. பல்கலைக்கழகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கும், வெளியூர்களில் இணையத்தில் காத்திருந்தவர்களுக்கும் அவர் சேர்த்தே பாடம் நடத்தினார். சிவஞானம் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஏதாவது புரியுதாங்க?" என்றான் ஜெயசீலன்.

"ஒண்ணும் புரியலப்பா. அவ கல்யாணத்துக்கு நான் போவலன்னு எம்பொண்ணு எங்கிட்ட பேசறதே இல்ல. போன் பண்ணாலும் எடுக்கமாட்டேங்கறா. இங்க வந்தா ஒரு மணி நேரம் பேசறா."

"தூரத்துல இருக்கறவங்களுக்கும் நான் பேசறது கேக்குதா?" என்றது ஹெட்போன்.

மைக் இல்லாத கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிவஞானம் சொன்னார்:

"கேக்குதும்மா."