நீர்நாய் ஆற்றிய உரை

காட்டோடைக் கரையில் செம்பு தோண்ட வந்த பொக்லைன், தோண்டும் முன் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டது. அதுவரை நீர்நாயிடம் யாரும் எதற்கும் கருத்துக் கேட்டதில்லை. அது மீசையை நீவிக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தது.

"சுரங்கத் தண்ணி ஓடையில கலந்தா மீன் சாகும். மீன் செத்தா நாங்க சாவோம். வேண்டவே வேண்டாம்" என்று அரைமணி நேரம் முழங்கியது. பொக்லைன் இரும்புக் கையை மடக்கிக்கொண்டு பயபக்தியோடு கேட்டது.

"இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லீங்க. வந்ததுக்கு அடையாளமா இந்தச் சேத்துல ஒரு கால்தடம் வச்சிடுங்க."

"எதுக்கு அது?" என்றது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்டு.

"கூட்டம்னா வருகைப் பதிவு உண்டு. உனக்கு விவரம் பத்தாது" என்று சொல்லி, நீர்நாய் நாலு காலையும் அழுத்திப் பதித்தது.

மறுநாள் பாதிக் கரையைக் காணோம். நீர்நாய் மூச்சிரைக்க ஓடிவந்தது. "வேண்டாம்னுதானேய்யா சொன்னேன்?"

"சொன்னீங்க, நானும் கேட்டேன். தோண்டுறதுக்கு முன்னாடி கேக்கணும்கிறதுதான் சட்டம். கேட்டதுக்கு உங்க கால்தடமே சாட்சி" என்றது பொக்லைன். "நாளைக்கு எதிர்க்கரைக்கும் கூட்டம் இருக்கு. நீங்கதான் தலைமை தாங்கணும்."

நீர்நாய் இடிந்த கரையைப் பார்த்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டது.

"எவ்வளவு நேரம் பேசலாம்?"