அங்கே அனுமதி இல்லைங்க

இருட்டியதும் துணிக்கூடைக்குள் ஏதோ 'கிர்ர்ர்… கிர்ர்ர்' என்று உறுமியது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "என்னங்க! பாம்பா பாருங்க!"

கணவன் துணிகளைக் கிளறினான். "பாம்பு எங்கேடி உறுமும்? உன் போன்தான். கொசுவுக்கு ஏதோ வந்திருக்கு."

கட்டற்ற மென்பொருள் குழுவில் அவள் பெயர் 'கொசு'. பிழையைக் கண்டால் விடாமல் கடிப்பாளாம். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது.

குழு உரையாடலில் வேலை அறிவிப்பு போடலாமா கூடாதா என்று ஒரு மாதமாக ரகளை. போடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றவள் இவள். "ராப்பகலா சும்மா எழுதிக் கொடுக்கிறோம். அதை வெச்சு நாலு பேருக்கு வேலை கிடைச்சா குடியா முழுகிடும்?"

கூடவே கூடாது என்று கடைசிவரை குத்திக்கொண்டிருந்தவர் 'ஆணி'. "இது பேசற இடம். ஆள் பிடிக்கிற இடமில்லை."

"வயிறு நிறைஞ்ச மனுஷன்! வேலை போற பயம் அவருக்கெங்கே தெரியும்?" என்று பொருமுவாள்.

நேற்று வாக்கெடுப்பில் அவள் பக்கம் ஜெயித்தது. வரும் அறிவிப்புகளைப் பார்த்து அனுமதிக்கும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது.

முதல் அறிவிப்பைத் திறந்தாள்.

அவளுடைய அலுவலகம். அவளுடைய வேலை. 'உடனே சேர வேண்டும்.'

பிரசவ விடுப்பு இன்னும் முடியவில்லை.

"அழிச்சுடு," என்றான் கணவன். "ஒரு தட்டுதானே? யாருக்குத் தெரியப் போகுது?"

"சண்டை போட்டு வாங்கின விதிங்க. எனக்குன்னு வந்ததும் வளைக்கச் சொல்றீங்களா?"

அறிவிப்பை அனுமதித்துவிட்டாள்.

உடனே குழு வழியாக ஓர் அழைப்பு. திரையில் 'ஆணி'.

"குத்திக்காட்டத்தான் கூப்பிடறார்," என்றபடி எடுத்தாள்.

"கொசுங்களா? அந்த அறிவிப்பை ஆபீஸ் பேர்ல அனுப்பினதே நான்தாங்க. கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா? எங்க பிரிவுல ஒரு பொண்ணு பிரசவ லீவுல இருக்கு. அது இடத்துக்கு ஆள் பிடி, நீ இருக்கிற அந்தக் குழுவுல போடுன்னு மேலிடம் கழுத்தை நெரிக்குது. அங்கே அனுமதி இல்லைங்க, அனுமதி இல்லைங்கன்னு சொல்லியே இத்தனை நாள் தள்ளிட்டேன். இப்ப நீங்க ஜெயிச்சுட்டீங்க…"

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அவளுடைய பிரிவுத் தலைவர்.

"சார்… அந்தப் பொண்ணு நான்தான்."

"அம்மாடி… நீயா கொசு?"

"அறிவிப்பு வெளியே போயிடுச்சு சார். போகட்டும். இனிமே நீங்க தனியா மல்லுக்கட்ட வேண்டாம். முதல் விண்ணப்பம் என்னுது. ஆள் இருக்கிற நாற்காலியை எப்படிக் காலின்னு போட்டாங்கன்னு அதுலயே கேட்கிறேன்."

குழந்தையைக் கணவன் கையில் கொடுத்தாள்.

"அழுதா?"

"அப்பா எதுக்கு இருக்கீங்க?"

அழுகை காதில் விழாமல் போய்விடுமோ என்று, குழந்தை பிறந்ததிலிருந்து அவள் சாத்தவே சாத்தாத அறைக்கதவு அது. மடிக்கணினியோடு உள்ளே போய், தாழ்ப்பாள் போட்டாள்.