நாற்பத்தொன்று

காலை ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு ஒரு கேள்வித்தாள் குறைந்தது.

கட்டைப் பிரித்து எண்ணித்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். நாற்பது பேர், நாற்பது தாள். கடைசி வரிசை முடிந்தபோது என் கை காலியாக இருந்தது.

ஜன்னலோரம் ஒருவன் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். பக்கத்து அறையிலிருந்து நாற்காலி தூக்கி வந்திருந்தான். மடியில் பரீட்சை அட்டை.

என் மாணவன். மூன்று வருடமாக.

வகுப்பில் அவனுக்கு 'அடுத்த மாசம்' என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் அவனிடம் அந்த ஒரு பதில்தான்.

"டேய் அடுத்த மாசம், எங்களுக்கு என்னிக்குடா டீ வாங்கித் தருவ?"

"அட, அடுத்த மாசம் கேண்டீனையே வாங்கித் தரேன். பொறுங்கடா."

விடியற்காலையில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றிவிட்டு வகுப்புக்கு வருகிறவன். மதியத்தில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவான். கட்டணக் கெடு நெருங்கும் வாரங்களில் மற்றவர்கள் முகம் தொங்கிப்போகும். இவன்தான் போய் அவர்கள் தோளைத் தட்டுவான். இவன் பேச்சைக் கேட்டுப் படிப்பை விடாமல் இருந்தவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

வகுப்புத் தேர்வுகளில் முதல் மதிப்பெண் எப்போதும் இவனுக்குத்தான்.

பட்டியலைப் பார்த்தேன். என் வருகைப் பதிவேட்டில் அவன் எண் நாற்பத்தொன்று. பட்டியல் நாற்பதோடு முடிந்திருந்தது.

அலுவலகத்துக்குப் போன் செய்து அவன் பெயரைச் சொன்னேன்.

"ஃபீஸ் பாக்கி வெச்சிருப்பான் மேடம். பாக்கி இருந்தா லிஸ்ட்ல பேரு வராது," என்றார் குமாஸ்தா.

"எவ்வளவுன்னு பாருங்க. நான் கட்டிடறேன். கடைசிப் பரீட்சை."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"மேடம், இவன் நம்ம பையனே இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"அட்மிஷன் லெட்டர் போயிருக்கு. முதல் செமஸ்டருக்கே பணம் கட்டல. அதோட சரி. இந்தப் பேருல இங்க வேற ஒரு காகிதம்கூட இல்ல."

போனை வைத்தேன்.

தாமதமாகச் சேர்கிறவர்களை வருகைப் பதிவேட்டின் அடியில் பென்சிலால் எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். அலுவலகத்திலிருந்து ஆணை வந்த பிறகு பேனாவால் எழுதுவோம். இவனுக்கு ஆணை வரவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் புதிய பதிவேட்டில் இவனைப் பென்சிலாலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கணினி இவன் மதிப்பெண்ணை ஏற்காதபோதெல்லாம் கணினியைத் திட்டினேன். மதிப்பெண்ணை என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஆறு பருவம்.

மணி அடித்தது. நாற்பது தலைகள் குனிந்தன. நான் அவனை வாசலுக்கு அழைத்தேன். அட்டையைக் கையில் பிடித்தபடியே வந்தான்.

"இதுக்கு முன்னாடி பரீட்சையெல்லாம் எங்க எழுதின?"

"லைப்ரரில மேடம். பசங்க எழுதிட்டு வெளிய வந்ததும் கேள்வித்தாளை வாங்கிப்பேன். சரியா மூணு மணி நேரம். ஒரு நிமிஷம்கூட அதிகமா எடுத்ததில்ல." குரலில் பெருமை இருந்தது. "இருபத்தொன்பது பேப்பர். எல்லாத்தையும் நூல் போட்டுக் கட்டி வெச்சிருக்கேன்."

"பசங்களுக்குத் தெரியுமா?"

"பாக்கி இருக்குன்னு தெரியும். இன்னிக்கு நீங்கதான் சூப்பர்வைசர்னு சொன்னாங்க. சரி, கடைசிப் பரீட்சையாவது உள்ள உக்காந்து எழுதலாம்னு வந்துட்டேன்."

மூன்று வருடம் ஒருவன் தனக்கு இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். நான் அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

"பைத்தியமாடா உனக்கு? இப்படி வந்து உக்காரலாம்னு உனக்கு யார் சொன்னா?"

உள்ளே சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நீங்கதான் மேடம்."

"நானா?"

"முதல் நாள். ஃபீஸ் சலானைக் கையில வெச்சுக்கிட்டு உங்க ரூம் வாசல்ல நின்னேன். வீட்டுக்குத் திரும்பிப் போறதா இருந்தேன். நீங்க எங்கயோ அவசரமாப் போயிட்டிருந்தீங்க. 'பணம் எங்க ஓடிப்போகுது, அப்புறம் கட்டிக்கலாம். முதல்ல போய் கிளாஸ்ல உக்காரு'ன்னு சொன்னீங்க."

எனக்கு அது நினைவில்லை. வருடா வருடம் முதல் நாளில் யாராவது ஒருவர் அப்படி நிற்கிறார்கள். வருடா வருடம் நான் அதையேதான் சொல்கிறேன்.

உள்ளே தாள்கள் புரண்டன. அவன் ஒரு எட்டு நெருங்கி, குரலைத் தாழ்த்தினான். கண்கள் மின்னின.

"போன வாரத்தோட மொத்தமும் சேந்துடுச்சு மேடம். ஆறு செமஸ்டருக்கும். இன்னிக்கே கொண்டுபோய் ஒரே தடவையா கட்டிட்டா, அந்த இருபத்தொன்பது பேப்பரையும் வாங்கித் திருத்திடுவாங்கல்ல?"