ஹாஸ்டலில் இடமில்லை

"புது ஹாஸ்டல் கட்டு! ஏழைப் பசங்களை ராவோட ராவா வெளியே தள்ளின வார்டன் சம்பத்தை டிஸ்மிஸ் பண்ணு!"

ஜெயவேலு தொண்டை கிழியக் கத்தினான். அந்தத் தனியார் கல்லூரியின் மாணவர் தலைவன் அவன். சொந்த ஊரே பக்கத்திலிருக்கும் பம்மல். ஹாஸ்டல் வாசலை மிதித்தவன்கூட இல்லை. ஆனாலும் அநியாயம் என்றால் பொறுக்க மாட்டான்.

விஷயம் இதுதான். வெளியூரிலிருந்து வந்த நாலு பேருக்கு ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லை. கல்யாணமாகாத பசங்களுக்கு வெளியே வீடு தரவும் ஆளில்லை. நண்பர்களின் அறையில் திருட்டுத்தனமாக ஒண்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டுகிற மழையில் அவர்களைப் பெட்டி படுக்கையோடு கிளப்பிவிட்டார் வார்டன்.

ஆனால், யாருக்காகப் போராட்டமோ அந்த நாலு பேரில் ஒருவனைக்கூட அங்கே காணோம். ஜெயவேலுவுக்கு ஒன்றும் புரியவில்லை.

தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரம் முழுக்கத் தேடினான். இல்லை. பஸ் ஸ்டாண்டிலும் இல்லை.

மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டில் ஒருவன் மாட்டினான். லாசரஸ். முதல் வருஷம், திண்டிவனம் பக்கத்துப் பையன்.

"டேய், எங்கடா தங்கிகினு கீறே?"

"தெரிஞ்சவங்க வீட்லண்ணா."

"போராட்டத்துக்கு ஏன் வரலே?"

"வர முடியாதுண்ணா."

"உனக்கோசரம்தான்டா நாங்க வெயில்ல காயறோம்! இன்னா, வார்டன் மிரட்டறாரா?"

லாசரஸின் கண் கலங்கிவிட்டது. "அவரைத் திட்டாதீங்கண்ணா, ப்ளீஸ்" என்றவன், நிற்காமல் நழுவிவிட்டான்.

ஜெயவேலுவுக்குத் தலை சுற்றியது. துரத்தினவருக்கு இவனே வக்காலத்தா? நேரே கேட்டுவிடுவோம் என்று, சாயங்காலமே மாடம்பாக்கத்தில் இருந்த வார்டன் வீட்டுக்கு சைக்கிளை மிதித்தான்.

கதவைத் திறந்தவள் வார்டனின் மனைவி காந்திமதி. கையில் தோசைத் திருப்பி. "நீயும் சாப்பிடறியாப்பா?" என்றாள், யார் என்றுகூடக் கேட்காமல்.

ஹாலில் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லாசரஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

சம்பத் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"சார்... நீங்கதானே இவங்களை..."

"ஆமாம்ப்பா. மறுநாள் காலையில கரஸ்பாண்டன்ட் ரூம் ரூமா செக் பண்ண வர்றதா தகவல் வந்தது. மாட்டியிருந்தா காலேஜை விட்டே அனுப்பியிருப்பாங்க. வேற வழி தெரியலை. இங்கே கூட்டிட்டு வந்துட்டேன். வெளியே சொல்லாதீங்கன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

ஜெயவேலுவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மன்னிச்சுடுங்க சார். நாளைக்கே போராட்டத்தை நிறுத்திடறோம்."

சம்பத் பதறிப்போய் அவன் கையைப் பிடித்தார்.

"ஐயையோ, நிறுத்திடாதே! இன்னொரு ஹாஸ்டல் வேணும்னு வருஷக்கணக்கா கெஞ்சிட்டேன், யாரும் காதுல போட்டுக்கலை. நீங்க கத்தின பிறகுதான் மேனேஜ்மென்ட்ல என்னைக் கூப்பிட்டே பேசியிருக்காங்க. என் வீட்ல இருக்கிறது இந்த ஒரு ஹால்தான். நாளைக்கு இன்னும் ரெண்டு பசங்க வர்றாங்க... என்னைக் கொஞ்சம் உரக்கவே திட்டுங்கப்பா!"