மரியாதையான தலை

கண்ணாடிக்கு அப்பால், வெள்ளைக் குழாய்க்குள் படுத்திருக்கிறாள் ஐந்து வயது மகள். வெளியே தெரிவது பிஞ்சுப் பாதங்கள் மட்டும். மயக்க ஊசி இல்லாமலே சின்னப் பிள்ளைகளின் தலையை ஸ்கேன் எடுக்க முடியுமா என்று பார்க்கும் ஆய்வு இது. முதல் படம் கலங்கிப்போய்விட்டது. ஊசியை நினைத்து அம்மாவின் உதடுகள் ஓசையில்லாமல் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. இயந்திரம் தடதடக்கிறது. ஸ்கேன் எடுப்பவர் தங்கமான மனிதர். குழந்தை தனியாகப் பயந்துவிடக் கூடாதே என்று மைக்கில் குனிந்து, "ஆடாம இருக்கியாடா கண்ணு?" என்று கேட்கிறார். திரையில் இந்தப் படமும் கலங்குகிறது.

"ஐயோ சார், நீங்க கேக்குறதாலதான் ஆடுறா!" அம்மா தலையில் கை வைக்கிறாள். "வாயைத் திறக்காதேன்னு நீங்க சொன்னீங்க. பெரியவங்க கேட்டா பதில் சொல்லணும்னு நான் சொல்லி வளத்திருக்கேன். பாவம், அவ தலையை ஆட்டுறா!"

அவர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அன்பு கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். அதை அன்பாலேயே சரிசெய்துவிடலாம். "இன்னும் ஒரே தடவைம்மா. இதுவும் வரலைன்னா ஊசிதான்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மைக்குக்குத் திரும்புகிறார். "பாப்பா, இனிமே ஆமான்னா கால் கட்டைவிரலை மட்டும் ஆட்டு. சரியா?"

கட்டைவிரல் ஆடுகிறது. மறுபடியும் தடதடப்பு. "பயமா இருக்கா?" விரல் அசையவில்லை. "அம்மாவைத் தேடுதா?" கொஞ்சம் யோசித்து, லேசாக ஆடுகிறது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். திரையில் படம் துளிக் கலங்கலும் இல்லாமல் எழுந்து வருகிறது.

"முடிஞ்சிருச்சு கண்ணு, ஊசியே வேண்டாம்!"

பத்து விரல்களும் சேர்ந்து கூத்தாடுகின்றன.