கண்ணாடி வயலில் கடற்காகம்

சோளம் விளைந்த நிலமெங்கும் இப்போது சூரியத் தகடுகள் வெயிலில் குளம்போல் மின்னுகின்றன. ஒரு தகட்டின் விளிம்பில் கடற்காகம் நிற்கிறது. கடல் இங்கிருந்து ஒரு பகல் பயணம். அது கண்ணாடியை அலகால் தட்டித் தலையைச் சாய்க்கிறது. தண்ணீர் இல்லை என்பதை நம்ப மறுக்கிறது. தகடு துடைக்கும் பெண்ணை மேற்பார்வையாளர் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறார். பிறகு தகட்டில் காய்ந்த எச்சத்தை, அதனருகே கிடக்கும் மீன்முள்ளை, அவளுடைய சாப்பாட்டுத் தூக்கை. “ஏம்மா, மிஞ்சினதப் போட்டுப் பழக்கிட்டியா? எச்சம் படிஞ்சா கரன்ட் குறையுது. வேலை போயிடும், பாத்துக்க.” “நான் மீனே திங்கிறதில்ல சார்.” “அப்போ அது பஸ் ஏறி வந்துச்சா?” தூக்கைத் தானே திறக்கிறார். ரொட்டியும் அவித்த முட்டையும். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்க்கிறார். அப்போது தகட்டின்மேல் ஒரு நிழல் விழுகிறது. இன்னொரு கடற்காகம் இறங்கி, அலகில் கவ்வி வந்ததைக் கண்ணாடியில் போடுகிறது. மீன் துள்ளுகிறது. “இதையும் நான்தான் உயிரோட கட்டிக்கிட்டு வந்தேனா சார்?” கடலோ ஒரு பகல் தூரம்; மீன் இன்னும் துள்ளுகிறதென்றால் தண்ணீர் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பறவை வந்த மேட்டுப் பக்கம் இருவரும் திரும்புகிறார்கள். மேட்டுக்கு அந்தப் புறம், பள்ளத்தில், அவர்கள் இருவருடைய வீடுகளும்தான் இருக்கின்றன.