தண்ணீர் மேல் நடந்த குதிரை

"உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

செல்போனை மேஜை மேல் படக்கென்று வைத்தாள் மனைவி. பாதியில் நிறுத்திய வீடியோவில் கணவனின் முகம் தெரிந்தது. புதிதாக வரும் வீடியோ கேம்களை முன்கூட்டியே விளையாடிப் பார்த்து விமர்சனம் செய்வது அவன் தொழில். அவன் 'சுமார்' என்று சொல்லிவிட்டால், வாங்க நினைத்தவர்களும் பின்வாங்கிவிடுவார்கள்.

நேற்று அவன் கிழித்துத் தொங்கவிட்டது, அவள் தம்பி வேலை பார்க்கும் கம்பெனியின் சாகச கேமை. அடுத்த வாரம் கடைக்கு வரவேண்டியது.

"'என் மச்சான் வேலை செய்யற கம்பெனி'ன்னு முதல்லயே சொல்லிட்டு, அப்புறம் இப்படி மானத்தை வாங்கறீங்களே!"

"சொல்லாம பேசினாத்தான் தப்பு," என்றான் அவன், சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே.

"வேற ஒரு பிரபலமான கேமையும் இதையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டணுமா? அதுல மழை பெய்ஞ்சா ஊர்க்காரங்க ஓடிப்போய் ஒதுங்கறாங்க. இதுல நீந்திப் போகவேண்டிய குதிரை ஆத்துத் தண்ணி மேல டக் டக்னு நடந்து போகுது. அதை வேற திருப்பித் திருப்பிக் காட்டறீங்க!"

"நடக்குதே."

"நடந்தா நடந்துட்டுப் போகுது! மூணு மாசமா ஆபீஸ்லயே படுத்துத் தூங்கி உழைக்கிறான். பொண்டாட்டி நிறைமாசம். இந்த நேரத்துல வேலை போச்சுன்னா என்ன பண்ணுவான்? ஊர்ல உள்ள விமர்சகனெல்லாம் ஆகா ஓகோங்கறான். வீட்டு மாப்பிள்ளை நீங்க மட்டும் அவன் சோத்துல மண்ணள்ளிப் போடறீங்க."

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. திருப்பி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

போன் அடித்தது. தம்பிதான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய், மனசை விட்டுடாதே. உன் மாமா பண்ணினதுக்கு நான் மன்னிப்பு..."

"அக்கா, பொண்ணு பிறந்திருக்கா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"நீயா? கேம் வெளிவர்ற வரைக்கும் லீவே கிடையாதுன்னாங்களே?"

"அது நேத்து வரைக்கும். மாமா வீடியோவைப் பார்த்துட்டு முதலாளி வெளியீட்டையே ரெண்டு மாசம் தள்ளி வச்சுட்டாரு. 'எல்லாரும் வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க. அப்புறம் வந்து ஒழுங்கா முடிச்சுக் குடுங்க'ன்னுட்டாரு."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஊசியை டப்பாவில் வைத்து மூடிக்கொண்டிருந்தான்.

"நான்தான்க்கா மாமாகிட்ட கெஞ்சினேன், இல்லாததும் பொல்லாததும் சொல்லியாவது கேமை நிறுத்துங்கன்னு. அவர் ஒத்துக்கவே இல்லை."

"அப்புறம்?"

"'பொய்யெல்லாம் எதுக்கு மாப்ளே? ராப்பகலா உழைக்கற உங்க எல்லார் மேலயும் இரக்கப்பட்டு எல்லாரும் மறைச்ச உண்மையை நான் சொல்றேன், நீ வீட்டுக்குப் போயிடலாம்'னாருக்கா."